கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் ஒருத்திக்குச் சாமி வந்து ஆடினால்கூட, முந்தானையை மட்டும் எப்படி விடாமல் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள் என்றுதான் பார்ப்பேன். அதனால் இதை நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரியும். நம்பாவிட்டால் போகிறது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மாஸ்டராக இருந்தார். மில்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நாளெல்லாம் மிஷின் இரைச்சலுக்குள் நின்று காது மந்தமாகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். இவர் உப்பு கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இன்னொரு குணம், என்னை ஒரு ராத்திரிகூட வெளியே தங்க விடமாட்டார். எனக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போனால் அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து தெருமுனையில் நின்று, "ஏட்டி, கெளம்பலயா?" என்று கத்துவார். என் அண்ணன்மார் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

மறு வருஷம் அமெரிக்காவிலிருந்து என் ஒரே மகள் தலைப் பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். ஏதோ சிக்கல், எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மருமகனை விட்டால் அங்கே வேறு ஆள் கிடையாது. தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து வரவேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் விசா கிடைக்காது என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். புருஷன் இல்லை, நிலம் நீச்சு இல்லை, பெற்ற ஒரே பிள்ளையும் அங்கே இருக்கிறாள், இவள் எங்கே திரும்பி வரப்போகிறாள் என்று நினைத்து மறுத்துவிடுவார்களாம். செட்டியார்பட்டியில் என்னை மாதிரியே ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

மெட்ராஸுக்கு ரயிலேறிப் போனேன். தூதரக வாசலில் வெயிலில் வரிசை, உள்ளே போனால் பெஞ்சில் காத்திருப்பு, எனக்கு முன்னால் போனவர்களில் பாதிப்பேர் முகம் செத்துத் திரும்பி வந்தார்கள். என் முறை வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் நம் பேச்சை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒரு தமிழ்ப் பெண். என்னென்னவோ கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் அந்தப் பெண், "நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்னு கேக்கறாரு" என்றாள்.

ரயிலில் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் ஒன்றும் வாயில் வரவில்லை. போச்சு, என் பிள்ளை அங்கே தனியாகக் கிடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு என் இடது தோளுக்கு மேலே பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஐயா, மெதுவாப் பேசுங்க. இந்தப் பக்கம் நல்லாவே கேக்குது" என்றாள். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. காத்திருந்தவர்கள் எல்லாம் தள்ளிப் பெஞ்சில்தான் இருந்தார்கள். அவள் அதிகாரியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார், என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். விசா கிடைத்துவிட்டது.

"நான் இன்னும் ஒண்ணுஞ் சொல்லலையேம்மா" என்றேன்.

"அதான் கூட வந்தவர் சொல்லிட்டாரே" என்றவள், வேடிக்கையாக அதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக் காட்டினாள். "'அவ வந்துருவா. வரலன்னா நான் போயிக் கூட்டிட்டு வாரேன்.'"

அது என் வீட்டுக்காரர் பேச்சேதான். அவர் காலமாகிவிட்டார் என்று அவள் முன்னால் இருந்த தாளிலேயே எழுதியிருந்தது. வாயைத் திறந்தால் விசா போய்விடுமோ என்று பயந்து பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

மகளுக்கு ஆண்டாள் புண்ணியத்தில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அந்தப் பிஞ்சைக் குளிப்பாட்டி எடுத்து, பேறுகாலம் பார்த்ததில் மெட்ராஸ் சங்கதியே மறந்துவிட்டது. அங்கே தங்கக் கொடுத்த ஆறு மாசம் முடியப்போகும்போது மகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லி அழுதாள். அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ராஜபாளையத்தில் பூட்டிக்கிடக்கிற வீட்டுக்குப் போய் நான் மட்டும் என்ன செய்யப்போகிறேன்? சரி என்றேன். தங்குவதை நீட்டிக்கச் சொல்லி மருமகன் கொண்டுவந்த தாளில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த வாரமே ஒருநாள் மகள் வேலையிலிருந்து வந்து, "ஏம்மா, மத்தியானத்துல டிவிய அம்புட்டுச் சத்தமாவா வைக்க?" என்று கேட்டாள். கீழ் வீட்டுக்காரி வழிமறித்துப் புகார் சொன்னாளாம். தினமும் மத்தியானம் மேல்வீட்டில் ஒரு ஆம்பளை, அவளுக்குப் புரியாத பாஷையில் வாசல் பக்கம் நின்று கத்துகிறானாம். மத்தியானத்தில் குழந்தை தூங்கும். நான் ஒருநாளும் டிவி போட்டதில்லை.

அப்புறம் மத்தியானமானால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். கூட்டிட்டு வாரேன் என்று சொன்னாரே, செத்தவர் வந்து எந்த ஊருக்குக் கூட்டிப்போவார் என்றே யோசனை ஓடியது. உயிரோடிருந்தபோது எனக்குப் பெருமையாக இருந்த அதே குரல்தான். மகளிடம் காரணம் சொல்லவில்லை. ஊர் ஞாபகமாகவே இருக்கிறது என்று அடம்பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். அவளுக்கு என்மேல் இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை.

இங்கே வந்தபிறகு எந்தச் சத்தமும் இல்லை. எல்லாம் மனப்பிராந்தி என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன். சில வருஷம் கழித்து மகள் போன் செய்தாள், மறுபடியும் முழுகாமல் இருக்கிறேன், இந்தத் தடவையாவது வந்து, பாதியில் கிளம்பிவிடாமல் கூட இரும்மா என்றாள். எனக்கும் ஆசைதான். வாரேன் என்று சொல்லவும் பயம், மாட்டேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அந்தப் பக்கம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் ஒங்கிட்டதானம்மா கேட்டேன். அப்பா ஏன் சத்தம் போடுதாரு?"

நான் போனை வைத்துவிட்டேன். அதைப் பற்றி அவளும் அப்புறம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் இல்லை. இப்போதெல்லாம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனால்கூட, ஆளில்லாத வீட்டைப் பார்த்து "வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். இருட்டுவதற்குள் வந்தும் விடுகிறேன்.