என் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்த பைகள்

தாராவியில் என் கணவர் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ஆர்டர் இல்லாமல் மிஷின்கள் சும்மா கிடந்தபோது, ஐரோலியில் ஒரு கம்பெனி, ஆர்டர் தருவதற்கு முன் பைகளை இணையத்தில் காட்டச் சொன்னது. இணையப் பக்கம் எழுதக் கற்றுத்தரும் ஹெச்டிஎம்எல் வகுப்புக்குப் போன தைரியத்தில் நானே ஒரு பக்கம் செய்தேன். பையின் பெயரைத் தொட்டால் படம் திறக்கும்படி லிங்க் வைத்தேன். எங்கள் கம்ப்யூட்டரில் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் திறந்தன. பக்கத்தை இணையத்தில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் பக்கத்தைக் காட்டப் போன கணவர் கம்பெனியிலிருந்து போன் செய்தார்.

"ஏட்டி, பேரு மட்டுந்தான் தெரியுது. தொட்டா ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு. மேனேஜர் சிரிக்காரு."

பதறிப்போய்ப் பார்த்தேன். எல்லா லிங்க்கிலும் நான் கொடுத்திருந்த முகவரி எங்கள் கம்ப்யூட்டரின் சி டிரைவ். படங்களை இணையத்தில் ஏற்றவே இல்லை. எங்கள் வீட்டு அலமாரியை ஐரோலியிலிருந்து திறக்கச் சொன்ன மாதிரி! நான் திருத்தி முடிப்பதற்குள் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

பட்டறையை மூடிவிட்டு கணவர் இப்போது அடுத்தவர் பட்டறையில் தைக்கிறார்.

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் போனில் திறந்து பார்க்காமல் எந்த லிங்க்கையும் அனுப்புவதில்லை. அந்தப் பழைய பக்கத்தில்கூட எல்லாப் பையும் திறக்கிறது. தைத்துக் கொடுக்கத்தான் பட்டறை இல்லை.