கார்டு காட்டிய ஆள்

மூன்று வருடத்துக்கு முன்னால், பசறை டவுனில் என் பார்லரில் ஆரம்பித்தது இது. பார்லர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் மேலே, ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் ஒரே ஒரு அறை. ஒரு சுழல் நாற்காலி, இரண்டு கண்ணாடி. புருவம் எடுப்பேன், கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வேன். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இருந்துதான் பாதிப் பேர் வருவார்கள்.

கொரோனா காலத்தில் பார்லர் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் யூடியூபைப் பார்த்து டாரட் கார்டு பார்க்கக் கற்றுக்கொண்டேன். கொழும்பிலிருந்து ஒரு கட்டு வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான், அதனால் பாஸ்டர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டேன். பார்லரைத் திறந்த பிறகு, வருகிறவர்களுக்கு விளையாட்டாகக் கார்டு போட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். சவூதிக்குப் போன புருஷன் எப்போது வருவார், விசா கிடைக்குமா, மாமியார் மனசு மாறுமா. பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிய ஒரு பெண், புருவம் எடுத்து முடிப்பதற்குள் தன் கதை முழுவதையும் சொல்லிவிடுவாள். அதையே கார்டை விரித்து வைத்து அவளுக்கே திருப்பிச் சொன்னால், "எப்படிக்கா இவ்வளவு சரியாச் சொல்றீங்க?" என்று வாயைப் பிளப்பாள். நான் அதை ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. எனக்கே அந்தக் கார்டுகள் மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

அந்தச் சமயத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை யாரோ பின்மண்டையில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பெரட்டு என்பது விடிந்ததும் ஆள் எடுத்து, யார் எந்த மலையில் வேலை செய்வது என்று பிரித்துவிடும் இடம். அன்று அவள் கொஞ்சம் பிந்திவிட்டாள். மற்றவர்கள் போன பிறகு தனியாகக் குறுக்குப் பாதையில் இறங்கியிருக்கிறாள். நல்ல பனிமூட்டம். காதில் இருந்த தோட்டைப் பிய்த்ததில் ஒரு காது கிழிந்திருந்தது. தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தவளைக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் பார்த்துத் தூக்கினார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தது, நினைவு இல்லை.

புதன்கிழமை மத்தியானம் வெட்டுப்பட்டவளின் புருஷனும் அவளுடைய தங்கையும் என் பார்லர் படியேறி வந்தார்கள். தங்கை முன்னால் ஒருமுறை கல்யாணத்துக்கு அலங்காரம் செய்துகொள்ள வந்தவள். புருஷன் வாசலிலேயே நின்றார். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"பொலிஸ் வந்து கேட்டுட்டுப் போறாங்க, ஒண்ணும் தெரியலக்கா. யாருன்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் தங்கை.

பொலிஸ் விஷயம், நோய், சாவு. இந்த மூன்றுக்கும் கார்டு போடக்கூடாது என்பது எனக்குக் கற்றுத்தந்த வீடியோவில் முதல் பாடம். எனக்கு அது நன்றாகவே ஞாபகம் வந்தது. ஆனால் இரண்டு பேர் மலையிலிருந்து பஸ் ஏறி, என்னைத் தேடி வந்து, என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது வரைக்கும் விசாவும் மாமியாருமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது. உட்காருங்கள் என்றேன்.

மூன்று கார்டு எடுத்தேன். முதலாவது நிலா. மறைந்து கிடக்கும் விஷயம் என்று அர்த்தம். மறையாமல் இருந்தால் இவர்கள் ஏன் என்னிடம் வரப்போகிறார்கள்? இரண்டாவது, ஏழு வாள் கார்டு. அதில் ஒரு ஆள் ஐந்து வாள்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி பூனை மாதிரி நழுவிப் போவான். மற்ற இரண்டு வாளும் அவனுக்குப் பின்னால் தரையில் குத்தி நிற்கும். மூன்றாவது என்ன கார்டு என்று எனக்கு ஞாபகமே இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

"தெரிஞ்ச ஆளுதான். சத்தமில்லாம வந்து போறவரு. இன்னும் பக்கத்துலதான் இருக்காரு" என்று சொன்னேன். இப்போது எழுதும்போது பார்க்கிறேன், உலகத்தில் யாருக்கும் பொருந்தும் வார்த்தைகள்.

வாசலில் நின்ற புருஷன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "அஞ்சு கத்தி" என்றார்.

வாள் என்று நான் திருத்தினேன். அவர் காதில் அது விழவில்லை. தங்கையைப் பார்த்து, "நம்ம தோட்டத்துல அஞ்சு கத்தியச் சேத்துத் தூக்கிட்டுப் போறது யாரு?" என்று கேட்டார். அவள் முகம் மாறிவிட்டது.

அவர்கள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அப்போது அந்தத் தோட்டத்தில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி விடுவார்கள், அது மறுபடி தழைக்கும். அதற்குக் கத்தி சவரக்கத்தி மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு பிளந்து செடி பட்டுப்போகும். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் தீட்டினால் கத்தி அப்படி வெட்டும் என்று பேர். சாயங்காலம் ஐந்தாறு பேருடைய கவ்வாத்துக் கத்திகளை வாங்கிப் போவார். தீட்டி, காலையில் பெரட்டுக்கு முன்னால் ஒன்றாக அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார். வருவதும் அதே குறுக்குப் பாதையில்தான்.

இது படம்தான், போட்டோ இல்லை என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "அப்ப அவருதானாக்கா?" என்று தங்கை கேட்டபோது நான் சொன்னது இது: "நான் பேர் சொல்ல மாட்டேன். ஆனா கார்டு பொய் சொல்லாது."

யார் பேரையும் சொல்லவில்லை, என் மரியாதையும் குறையவில்லை. நல்ல சாமர்த்தியமான பதில் என்று அப்போது நினைத்தேன். தங்கை அந்தக் கார்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில், அதே தோட்டத்தைச் சேர்ந்த ஒரு வாடிக்கைக்காரப் பெண் எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, நீங்க சொன்ன ஆளப் புடிச்சிட்டாங்க!"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகுதான் பொலிஸ் பிடித்ததா என்று கேட்டேன்.

"பொலிஸ் எதுக்குக்கா? அந்தப் படம் இப்ப எல்லார் போன்லயும் இருக்கு. பெரட்டுலயே வச்சு அடிச்சாங்க. இப்ப காம்பராவுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாங்க. அவரு சம்சாரம் வெளிய நின்னு கத்திக்கிட்டு இருக்கு."

போன் வைத்த கையோடு ஆட்டோ பிடித்தேன். அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, போனவர்களுக்குத் தெரியும். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கார்டுக் கட்டை ஏன் கைப்பையில் போட்டுக்கொண்டேன் என்று தெரியவில்லை.

லயத்துக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் கவ்வாத்துக்காரர்கள், வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பூட்டிய காம்பராவின், அதாவது அந்த லயத்து அறையின், படியில் வெட்டுப்பட்ட பெண்ணின் புருஷன் காவலுக்கு நிற்பது போல் நின்றார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் சொன்னது தப்பு. அது சும்மா ஒரு படம். அத வச்சு ஆளச் சொல்ல முடியாது" என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஏங்கக்கா, யாராச்சும் மெரட்டுனாங்களா? பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று ஒருவர் தைரியம் சொன்னார். அந்த ஆளின் சொந்தக்காரர்கள் வந்து என்னிடம் பேசினார்களா என்று இன்னொருவர் கேட்டார். நேற்று நான் சொன்னது வேதவாக்கு, இன்று மாற்றிச் சொல்வதுதான் பொய் என்று ஆகிவிட்டது.

அப்போது நான் இரண்டாவது முட்டாள்தனத்தைச் செய்தேன். கட்டை வெளியே எடுத்து, பக்கத்தில் நின்றவரை ஒரு கார்டு எடுக்கச் சொன்னேன். எந்தக் கார்டு வந்தாலும் யாரையாவது மாட்டிவிடலாம் என்று காட்டுவதுதான் என் எண்ணம். வந்தது துறவி கார்டு. ஒரு கிழவன் கையில் விளக்கும் தடியுமாக நிற்பான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "லாம்பும் தடியும்... வாச்சர் மாதிரி இருக்கே" என்றது. எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. ஓரமாக நின்றிருந்த தோட்டத்துக் காவல்காரர் இரண்டடி பின்னால் போனார்.

கார்டைப் பைக்குள் திணித்தேன். ஒருவரைச் சிலுவையிலிருந்து இறக்கிவிட வந்தவள் இன்னொருவரை ஏற்றிவிடப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் காம்பரா ஜன்னலிலிருந்து அந்தக் கத்தி தீட்டுகிறவர் பேசினார். "அந்தப் படத்த எனக்கும் காட்டுங்கடா. அத வச்சுத்தான என்னய அடிச்சீங்க. நான் இன்னும் அதப் பாக்கவே இல்லையே."

உண்மைதான். தோட்டம் முழுக்கச் சுற்றிய படத்தை அவரிடம் மட்டும் யாரும் காட்டவில்லை. ஒருவர் தயங்கித் தயங்கிப் போனை ஜன்னல் கம்பிக்குக் கிட்டே பிடித்தார். அப்போதுதான் உள்ளே இருந்தவரை முதன்முதலாகப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். உதடு கிழிந்திருந்தது. வலது கையைச் சட்டையால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார், யாரோ மிதித்திருக்கிறார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார்.

"இவன் கத்தியப் புடிச்சிருக்கிற எடத்தப் பாருங்க" என்றார். "புடியிலயா புடிச்சிருக்கான்? வெட்டுவாயில கையக் குடுத்து அள்ளியிருக்கான். நான் தீட்டுன கத்திய இப்படித் தூக்குனா பெரட்டுக்கு வாறதுக்குள்ள வெரலெல்லாம் கீழ கெடக்கும்." போனிலிருந்து கண்ணை எடுத்தார். "கத்தி தூக்கத் தெரியாதவன் படத்தக் கொண்டாந்து காட்டி, என்னயப் போட்டு அடிச்சிருக்கீங்களேடா."

கவ்வாத்துக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். நானும் கார்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தக் கார்டை நூறு தடவைக்கு மேல் விரித்திருப்பேன். தந்திரம், துரோகம், களவு என்று மணிக்கணக்கில் விளக்கம் சொல்லியிருக்கிறேன். கை எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"ஆமாடா" என்றார் ஒருவர். காவல் நின்ற புருஷன் படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். யோசித்தால் அதுவும் ஒரு ஆதாரம் இல்லைதான். எங்கேயோ யாரோ வரைந்த படம் அது. ஆனால் படத்தை நம்பி அடித்தவர்களுக்கு, படத்தை வைத்துச் சொன்னால்தான் ஏறியது. கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்தது. பூட்டைத் திறந்து அவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சனிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பியது. முன்பின் பார்க்காத ஒருவன் மோட்டார் பைக்கை நிறுத்தி வழி கேட்டானாம். அவள் திரும்பிக் கையைக் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான் தெரியும். பிற்பாடு வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு காரியத்தில் அவன் அகப்பட்டான். அவன் தெரிந்த ஆளும் இல்லை, பக்கத்தில் இருந்த ஆளும் இல்லை.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் கார்டு போட்டதில்லை. கட்டை எரித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் எரிக்கவில்லை. பார்லர் அலமாரியில் டவல்களுக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். வலது கையில் மாவுக்கட்டு. அவர் மனைவி பால் ஊற்றாத சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"கை கூடிரும்னு டொக்டர் சொல்லிட்டாருங்க" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். "எல்லாரும் வந்து மன்னிப்புக் கேட்டுட்டாங்க. அந்தப் புள்ளையோட புருஷன் கால்லயே விழுந்துட்டாரு. ஆனா கத்திய மட்டும் யாரும் கொண்டாந்து குடுக்கல. எடது கையால தீட்டித் தாறேன்னு நானே கேட்டேன். பரவால்ல மாமா, நாங்களே தீட்டிக்கிறோம்ங்கிறாங்க."

அவருடைய கை எப்போதோ குணமாகிவிட்டது. அந்தத் தோட்டத்துப் பெண்கள் பார்லருக்கு வரும்போதெல்லாம் விசாரிக்கிறேன், இன்னும் யாரும் அவரிடம் கத்தி கொடுப்பதில்லையாம். அவர் குற்றம் செய்யவில்லை என்று இன்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பனிமூட்டத்தில் அவர் எதிரே வந்தால் ஒரு நொடி தயங்கித்தான் வழி விடுகிறார்கள். முகம்கூடத் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி உண்டாக்கிய தயக்கம் அது, அதைத் திருப்பி எடுக்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.