ஷர்மிளா விடாமல் போட்ட கணக்கு

ஷர்மிளாவை மக்கு என்று முதலில் சொன்னவர் எங்கள் பிசிக்ஸ் வாத்தியார். பிறகு ஊரே சொன்னது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முடிந்திருந்தால் நானே போய் மூடியிருப்பேன்.

திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் அவளும் நானும் அடுத்தடுத்த வீடு, ஒரே வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் அவள் பிசிக்ஸில் மட்டும் தோற்றாள். நான் பாஸாகி, சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் செலவில் நர்சிங் சேர்ந்தேன். அடுத்த வருஷத்தோடு அவர்கள் கடையைக் கட்டுவதாக இருந்தது. அதற்குள் பிசிக்ஸைத் திரும்ப எழுதிப் பாஸானால் ஷர்மிளாவுக்கும் ஓர் இடம் உண்டு. இல்லையென்றால் அம்மா கனகாம்பாளோடு மீன்கூடைதான்.

நான் பாஸான லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கைடில் இருக்கும் பத்து மார்க் கேள்விகளை நெட்டுரு போடு, கணக்குப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் பாஸானோம். குவிலென்ஸ் எப்படிக் குவிக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிறுவனம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் சில பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருந்தது. எல்லாரும் அதில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடுவார்கள். சென்னையிலிருந்து வந்துபோன ஓர் அண்ணன் ஒன்றில் ஏதோ இலவச மென்பொருளை ஏற்றி, ஷர்மிளாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திரையில் நோட்டுப் பக்கம் மாதிரி இருக்கும். ஒரு கட்டத்தில் கணக்கை எழுதி, ஷிப்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் கீழேயே விடை வரும். படமும் வரைந்து காட்டும். எண்ணை மாற்றி மறுபடி அழுத்தினால் படமும் மாறும்.

விடுமுறையில் வந்தபோது அவளைத் தேடி அங்கே போனேன். முப்பட்டகக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கோடு சரிந்து இறங்கி, ஓரிடத்தில் தரைதட்டி, மறுபடி ஏறியது.

“இங்க பாரு அஞ்சுகம். கோணத்தக் கூட்டக் கூட்ட எறங்கி, அடியத் தொட்டுட்டு ஏறுது பாத்தியா? இதத்தான் வாத்தியாரு சிறும திசைமாற்றக் கோணம்னு மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. இவ்ளோதான்டி இது.”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கோ பரீட்சைதான் ஞாபகம் வந்தது.

“பத்து மார்க் கேள்வியெல்லாம் படிச்சியா?”

“கணக்கு புரிஞ்சா அது தன்னால வராதா?”

“வராதுடி. கைடப் படி.”

புத்தகத்தில் இருந்த அத்தனை கணக்கையும் அந்தத் திரையில் போட்டாள். கைடைத் தொடவில்லை.

பரீட்சையில் எலக்ட்ரானின் அலைநீளம் கேட்டிருந்தார்கள். சூத்திரத்தை எழுதினாள், எண்களைப் போட்டாள். அதற்குமேல் அவள் விரல்கள் பெஞ்சின்மேல் ஷிப்ட்டையும் என்டரையும் தேடினவாம். அவளே சொன்னாள், சிரிக்காமல். கால்குலேட்டர் கூடாது, லாக் டேபிள்தான். அதைப் புரட்டி அவளுக்கு வருஷமாகியிருந்தது. கூட்டுவது, கழிப்பது, தலையில் கோடு போட்ட மைனஸ் எண் எல்லாம் குழம்பி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது. அது தப்பு என்று அவளுக்குத் தெரிந்ததுதான் கொடுமை. எனக்கென்றால் எந்த விடையும் சரியாகத்தான் தோன்றியிருக்கும். எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். இவள் விடாமல் போட்டாள். மணி அடித்தபோது பத்து மார்க் கேள்விகளில் பாதி தொடாமல் கிடந்தன.

மறுபடியும் பிசிக்ஸில் போயிற்று.

கோடையில் நிறுவனத்துக்காரர்கள் கம்ப்யூட்டர்களை ஏற்றிப்போக வேன் கொண்டுவந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். ஷர்மிளா ஒரு நிமிஷம் கேட்டு உட்கார்ந்து, பரீட்சையில் எழுதியதை அப்படியே அடித்தாள். விடை வந்தது. அவள் போட்ட சூத்திரமும் சரி, எண்களும் சரி. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“எடுத்துக்குங்கண்ணே” என்று எழுந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

போன மாதம் மீன் வாங்கப் போனேன். கனகாம்பாள் தராசைப் பிடித்திருந்தார். ஷர்மிளா பக்கத்தில் குந்தி, அரிவாள்மனையில் சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். நூறு ரூபாய் நோட்டை நீட்டிய ஒருவர் மிச்சம் எவ்வளவு தரணும் என்று கேட்டதற்கு, “அம்மாவக் கேளுங்க” என்றாள்.

அவர் போனதும் கனகாம்பாள் என்னிடம் குனிந்து கேட்டார்.

“ஏ அஞ்சுகம், நீதான் படிச்ச புள்ள. இவ நெசமாவே மக்கா? ராப்பகலா அந்தப் பொட்டி முன்னாடியேதானே கெடந்தா. எனக்கு ஒண்ணும் வெளங்கல, நீ சொல்லு.”

“இல்ல அத்தை. எங்க வகுப்புல புரிஞ்சு படிச்சவ இவ ஒருத்திதான்.”

ஷர்மிளா செதிள் எடுப்பதை நிறுத்திவிட்டு, நான் சொல்வது நிஜமா என்று தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.