நேர்கோட்டில் ஒரு குட்டி வட்டம்

திண்டிவனத்தில் கடல் கிடையாது. ஆனாலும் சென்ற வியாழக்கிழமை காலை, மூன்றாவது பீரியடில், என் மானம் கப்பலேறியது. ஏற்றிவிட்டவள் பெயர் எஸ்தர். பதினொன்றாம் வகுப்பு, கடைசிக்கு முந்தைய பெஞ்ச், காலாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தொன்று.

நான் அந்த வகுப்பின் கணக்கு டீச்சர். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். எனக்கு வேலை வேண்டும்.

அன்றைய பாடம் சார்பு, சார்பகம், வீச்சகம். பயப்படாதீர்கள்... கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு மாவு மில்லை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மில்தான் சார்பு. அதில் எதையெல்லாம் கொட்டலாம் என்பது சார்பகம். அரைபட்டு என்னென்ன வெளியே வருகிறது என்பது வீச்சகம். கேப்பை கொட்டினால் கேப்பை மாவு வரும். கம்பு கொட்டினால் கம்பு மாவு வரும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொட்டினால்? எண்ணெய் கசிந்து மெஷின் அடைத்துக்கொள்ளும், மில்காரர் அடிக்க வருவார். ஆக, மல்லாட்டைக்குச் சார்பகத்தில் இடமில்லை.

கணக்கில் அந்தத் தொல்லையைக் கொடுப்பது பூஜ்யம். ஒரு எண்ணைப் போட்டதும் பின்னத்தின் கீழே பூஜ்யம் வந்தால், அந்த எண்ணுக்கு உள்ளே அனுமதி கிடையாது. இவ்வளவுதான் பாடம். இதைப் புத்தகத்தில் எத்தனை பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போர்டில் ஒரு கணக்கு எழுதினேன். மேலே x² − 4, கீழே x − 2. இதன் சார்பகம் என்ன?

எங்கள் ஃபர்ஸ்ட் ரேங்க் ஹரிணி எழுந்தாள். மேலே இருப்பதைக் காரணிப்படுத்தினாள், கீழே இருந்ததை அடித்தாள், x + 2 என்று கொண்டுவந்து நிறுத்தினாள். இப்போது கீழே ஒன்றுமே இல்லையே? எனவே எந்த எண்ணை வேண்டுமானாலும் போடலாம் என்றாள். நான் "வெரி குட்" சொல்லி, என் கையாலேயே பெரிதாக ஒரு டிக் போட்டேன். பத்தொன்பது வருட சர்வீஸ்... சும்மாவா?

கடைசிக்கு முந்தைய பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது.

"மிஸ், அடிச்சிட்டா மட்டும் ரெண்டு உள்ள வந்துருமா? மொதல்ல குடுத்த கணக்குல ரெண்டப் போட்டா கீழ சைபர் ஆவுதே."

வகுப்பு சிரித்தது. முப்பத்தொன்று போய் ஃபர்ஸ்ட் ரேங்க்கைத் திருத்தினால் சிரிக்கத்தானே வேண்டும்? நானும் சிரிக்க வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் மனசுக்குள் இரண்டைப் போட்டுப் பார்த்துவிட்டேன். மேலே பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். அவள் சொன்னதுதான் சரி. அடிப்பதற்கு முன்பே இரண்டு வெளியே போய்விட்டது. அடித்த பிறகு கணக்கு யோக்கியமாகத் தெரிகிறது என்பதற்காக அது திரும்ப உள்ளே வந்துவிடாது.

டிக்கை அழித்தேன். எஸ்தரை வரச் சொல்லி, வரைபடத்தைப் போடச் சொன்னேன். ஸ்கேலே இல்லாமல் ஒரு நேர்கோடு இழுத்தாள். இரண்டுக்கு உரிய இடம் வந்ததும் கோட்டை நிறுத்தி, ஒரு குட்டி வட்டம் போட்டாள். உள்ளே நிரப்பவில்லை. பிறகு கோட்டைத் தொடர்ந்தாள்.

"பாக்க நேராதான் மிஸ் இருக்குது. அந்த எடத்துல மட்டும் ஆள் இல்ல. வட்டம் போட்டு காட்டலன்னா யாருக்கும் தெரியாது."

அன்றே மதியம் மூன்று மணிக்கு அவளுடைய அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பாராட்டுவதற்கு என்று நினைக்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு.

எங்கள் பள்ளி கேட்டில் ஒரு பேனர் உண்டு. பிளஸ் டூவில் தொடர்ந்து 100% தேர்ச்சி. அதன் ரகசியத்தை இன்று உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன். பிளஸ் ஒன் காலாண்டில் பெயிலானவர்களின் பெற்றோரைக் கூப்பிடுவோம். உட்கார வைத்து டீ கொடுப்போம். பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்து மிகவும் வருத்தப்படுவோம். டீ ஆறுவதற்குள் டிசியைக் கொடுத்துவிடுவோம். பெயிலாகக் கூடியவர்கள் பரீட்சைக்கே வரவில்லை என்றால் யார்தான் பெயிலாவார்கள்? இதற்கு எங்கள் பாஷையில் கவுன்சலிங் என்று பெயர்.

இதில் பாட டீச்சருக்கும் ஒரு வசனம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, "மேக்ஸ் குரூப் இவளுக்கு வராதும்மா" என்று சொல்ல வேண்டும். போன வருடம் மூன்று பேருக்குச் சொன்னேன். அதில் ஒருத்தி இப்போது விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறாள். பொங்கலுக்குத் துணி எடுக்கப் போனபோது ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்க மிஸ் என்றாள். சலிக்காமல் எடுத்து எடுத்துக் காட்டினாள். எனக்குத்தான் எந்த நிறமும் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

எஸ்தரின் அம்மா சரியாக மூன்று மணிக்கு வந்தார். ஒலக்கூர் பக்கத்துக் கிராமம். மல்லாட்டை பிடுங்குகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார், நகக்கண்ணில் மண் அப்படியே இருந்தது. டீ வந்தது. எங்கள் பிரின்சிபால் குரலை உயர்த்தாத மனிதர். வேறு பள்ளிகள், வேறு குரூப்புகள், குழந்தையின் மன அழுத்தம் என்று அழகாக வரிசைப்படுத்தினார். எஸ்தர் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா டீயைத் தொடவில்லை. பிரின்சிபாலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான கணக்கு டீச்சரு? இன்ஜினியருக்குப் படிக்கணும்னு சொல்லிக்கினே இருக்குது. நீங்க சொல்லுங்க மிஸ். பாப்பாவுக்குக் கணக்கு வராதா?"

என் வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனை முறை சொன்ன வசனம்! ஆனால் காலையில் போர்டில் பார்த்த அந்தக் குட்டி வட்டம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

"காலைல ஒரு கணக்கு எனக்கே வரலம்மா," என்றேன். "உங்க பொண்ணுக்குத்தான் வந்துச்சு. இங்கயே படிக்கட்டும்."

பிரின்சிபால் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். பிளஸ் டூவில் இந்த மாணவி தவறினால் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். நான் வீராங்கனை எல்லாம் இல்லை. தேதியைத் தப்பாகப் போட்டு அடித்துத் திருத்தினேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மா நன்றி எதுவும் சொல்லவில்லை. "எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க. இது பெயிலாயிட்டா உங்களுக்கு பேஜாரு ஆயிடாதா?" என்று கேட்டார். ஆகும்தான் என்றேன். மகள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா?" என்றார். அதோடு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

எஸ்தர் ஒரே நாளில் மேதையாகிவிட்டாள் என்று கற்பனை செய்யாதீர்கள். முப்பத்தொன்று சும்மா வாங்கியதில்லை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து, முக்கோணவியலில் நாலு கணக்கு கொடுத்தேன். மூன்று தப்பு. திங்கட்கிழமை திரும்பப் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியபோது கேட்டில் அந்தப் பேனரைப் பார்த்தேன். வருடக்கணக்காக அதன் கீழேதான் போய் வருகிறேன். ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். வட்டம் போட்டுக் காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது என்றாளே எஸ்தர்... எங்கள் பள்ளி அந்த விஷயத்தில் நேர்மையானது. கொட்டை எழுத்தில் போட்டே காட்டியிருக்கிறது. நூறில் இரண்டு வட்டம், சதவீதக் குறியில் இரண்டு வட்டம். நாலுக்குள்ளும் ஆள் இல்லை.

மூன்று வட்டங்களின் பெயர்கள் எனக்குத் தெரியும், போன வருடம் என் வசனத்தைக் கேட்டுப் போனவர்கள். நாலாவதாகப் போயிருக்க வேண்டியது, தப்பாய்ப் போட்ட மூன்று கணக்கோடு திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறது.