அண்ணன் பேசாத ஞாயிறுகள்: ஆவடியிலிருந்து செம்பரம்பாக்கம் வரை

அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை திவசம் முடிந்தது. மறுநாள், அவன் வருடக்கணக்காக ஞாயிறுதோறும் போய்வந்த வழியிலேயே நானும் ஒருமுறை போய்வந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அத்தனை ஞாயிறும் அவன் அங்கே யாருமில்லாமல் தனியாகத்தான் கிடந்தானா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

அண்ணன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தான். லீவு கிடைத்தால் ஏதாவது மடம், ஆசிரமம், மலைக்குகை. ஒரு வருடம் உப்பை விட்டான், ஒரு வருடம் தலையணையை விட்டான். கடைசிவரை விடாதது ஞாயிற்றுக்கிழமை மௌன விரதம் ஒன்றைத்தான். அன்று ஏரிக்கரைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவான். மற்ற ஆறு நாளும் அவன் வாயை மூட ஆள் வைக்க வேண்டும். தொழிற்சாலைக் கூட்டத்தில் மைக் கையில் கிடைத்தால் அவ்வளவுதான், மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். ஒரு ஞாயிறு மாலை ஏரியிலிருந்து திரும்பிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று எனக்கு அவன்மேல் கோபம், இன்றுவரை.

நான் இருக்கும் கொரட்டூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். ஞாயிறன்று ரயில் குறைவு, ஆறரைக்கே ஸ்டேஷனில் இருந்துவிடுங்கள். ஆவடி பஸ் ஸ்டாண்டிலிருந்து பூந்தமல்லி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். சாதாரண பஸ் என்றால் பெண்களுக்குக் காசில்லை. பூந்தமல்லியிலேயே டிபனை முடித்துவிடுவது நல்லது. அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கேட்டார்கள். வழிநெடுக குடோன்களும் மனை விற்பனை போர்டுகளும்தான்.

இறங்கும்போது ஆட்டோ டிரைவரிடம் போனில் அண்ணன் படத்தைக் காட்டிக் கேட்டேன்.

“இவரா? ஊமைண்ணன்! ஜெயாக்கா டீக்கடையாண்ட குந்திகினு இருப்பாரே. இப்ப ரொம்ப நாளா காணோம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் கடையைத் தேடி நடந்தேன்.

ஏரிக்கரைக்குக் கீழே தகரக்கூரை போட்ட கடை. ஜெயா அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். படத்தைப் பார்த்ததும், “எங்கமா இவரு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்றார். நான் தங்கை என்றேன், விஷயத்தைச் சொன்னேன். டீ வடிகட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

“வாயில்லாத மன்ஷன்மா. வலிக்குதுன்னு யாராண்ட சொல்லியிருப்பாரு?”

“இல்லக்கா, அண்ணன் பேசுவாரு.”

“இன்னாமா சொல்ற? எப்ப வந்துச்சு பேச்சு?”

விரதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கரையோர அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா குட்த்துட்டா! அவருக்கு வாய் வந்துச்சுன்னா ஆடியில கூழ் ஊத்துறேன்னு வேண்டிகினு கீறேன். எத்தினி வர்ஷமா கேட்டுகினு கீறேன் தெரியுமா?”

எந்தச் சாமியிடமும் எதையும் கேட்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் என் அண்ணன். அவனுக்காக ஒருத்தி இங்கே கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அதன்பிறகு விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“மொதல்ல இன்னா பேசினாரு?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இதற்குப் பொய் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை விடிந்து விரதம் முடிந்ததும் அவன் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். காலை ஆறு மணிக்கு யாராவது கேட்கிற கேள்வியா அது என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

“‘சாப்ட்டியா’ன்னு கேட்டாரு.”

“அதான! என்னாண்டயும் அதான் கேப்பாரு” என்று ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்திக் காட்டினார். அச்சு அசல் அண்ணன். “இல்லண்ணேன்னா, பன்னப் பிச்சு பாதி குடுப்பாரு. நான் துன்னு முடிக்கிற வரிக்கும் எழுந்துக்க மாட்டாரு.”

அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். போன வருடம் வராமல் போன அந்தத் திங்கட்கிழமை போனுக்குத்தான் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறேன். கண்ணை மூடி உட்கார்ந்து அவன் என்ன கண்டான் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள் சாப்பிட்டாளா என்று பார்த்திருக்கிறான். எனக்கு அது போதும்.

போகிறவர்களுக்கு: கரையில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் அவசியம். மழைக்காலத்தில் ஏரி நிறைந்துவிட்டால் மேலே ஏற விடமாட்டார்கள். வருகிற ஆடியில், மூன்றாவது ஞாயிறு, ஜெயா அக்கா அங்கே கூழ் ஊற்றுகிறார். கேழ்வரகு என் பொறுப்பு. வருகிறவர்கள் ஆளுக்கொரு தூக்கு கொண்டு வாருங்கள். அண்ணனோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அவன் எப்பேர்ப்பட்ட வாயாடி என்று அங்கே வந்து சொல்லிவிடாதீர்கள்.