எந்தப் பெயருக்கும் தலையாட்டியவர்

வியாழக்கிழமை, விடிவதற்கு முன் 5.40 மணி. இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பில் போடும் ஞானபாக்கியம் அக்கா. மின்விசிறிக்கு நேர் கீழே, வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்த சுப்புராஜ் அண்ணாச்சி. இரத்தம் எடுக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில், ஸ்டூலில் நான், வேல்பாண்டி. கதவோரப் பெஞ்சில் மாடத்தியம்மா.

என்னையும் சேர்த்து நான்கு பேர். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டி எழுதவில்லை.

மாடத்தியம்மாவைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காரணம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரே காய்ச்சல் கூட்டம். "வெங்கடேஸ்வரி!" என்று கூப்பிட்டேன். மாடத்தியம்மா எழுந்து வந்தார். "வெங்கடேஸ்வரிதான?" என்றேன். தலையாட்டினார். கழுத்தில் தொங்கிய பஞ்சு மில் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். "அதெல்லாம் வேண்டாம்மா, கைய நீட்டுங்க" என்றேன். அவர் பெயரை அவர் வாயால் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அடுத்து வந்த பெண்ணிடம் பெயரே கேட்கவில்லை. மிச்சம் இருந்தது 'மாடத்தி' லேபிள். அதை அவளுடைய குழாயில் ஒட்டிவிட்டேன்.

புதன்கிழமை மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையிலிருந்து போன். "பிளேட்லெட் பதினஞ்சாயிரம்னு நீங்க குடுத்த வெங்கடேஸ்வரிக்கு, இங்க ரெண்டு லட்சம் இருக்கு. ஆள மாத்திட்டியளா?"

உயிருக்கே ஆபத்தான அந்தப் பதினஞ்சாயிரம் மாடத்தியம்மாவுடையது. அவருக்கு 'நார்மல்' என்று ரிசல்ட் கொடுத்து அனுப்பியிருந்தோம்.

"அவியளுக்கு இப்பவே போன் போடட்டுமாக்கா?" என்று ஞானபாக்கியம் அக்காவிடம் கேட்டேன்.

"சும்மா இரு தம்பி, ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். காலைல நானே கூப்பிடுதேன். இன்னொருக்கா எடுக்கணும்னு சொல்லிக்கிடலாம்."

நான் சும்மா இருந்தேன். வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். தூங்கவும் தூங்கினேன்.

அதனால்தான் காலையில் அவரைப் பார்த்ததும் அப்படி ஒரு நிம்மதி. அக்கா கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சுப்புராஜ் அண்ணாச்சி, வாங்க" என்றேன்.

எழுந்து வந்தது மாடத்தியம்மா. தலையாட்டிக்கொண்டே வந்தார்.

ஆண் பெயருக்கு...

சரி, முதலில் இவருக்கே எடுத்துவிடுவோம் என்று உட்கார வைத்தேன். முழங்கை மடிப்பில் செவ்வாய்க்கிழமை நான் ஒட்டிய பிளாஸ்டர். அதன் நடுவில் இரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது.

ஊசி குத்தினேன். குழாயைச் செருகினேன். ஒரு சொட்டு வரவில்லை.

வேறு குழாய். அதுவும் வெறுமை.

"பேரச் சொல்லுங்கம்மா."

தலையாட்டினார்.

"ஒங்க பேரு..."

தலை நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது. தலைமுடியிலிருந்து பஞ்சு உதிர்ந்து என் கையில் விழுந்தது.

டக்... டக்... மில் அட்டை நாற்காலியில் இடிக்கும் சத்தம்.

அட்டையைக் கழற்றினார். என் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் கை ஜில்லென்று இருந்தது.

அட்டை சுட்டது.

"யாருகிட்ட தம்பி பேசுத?" அக்காவின் குரல்.

நாற்காலி காலி. அட்டை மட்டும் என் கையில்.

"மாடத்தியம்மாவுக்குப் போன் போட்டியளாக்கா?"

"இன்னும் போடலயே."

சனிக்கிழமை மாடத்தியம்மாவின் ஊரான மம்சாபுரம் போனேன். அவர் மகன் தங்கப்பாண்டியன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான்.

"ரிசல்ட்டு நல்லாருக்குன்னு நாந்தாண்ணே நைட் ஷிப்டுக்கு அனுப்புனேன். மில்லுலயே ரத்தமா வாந்தி எடுத்துச்சாம். வியாழக்கெழம விடியக்கால நாலு மணிக்கு முடிஞ்சிருச்சு. நாந்தான் கொன்னுட்டேன்."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அவனே தொடர்ந்தான்.

"மிஷின் சத்தத்துல அம்மாவுக்குக் காது போயிருச்சு. யாரு என்ன கேட்டாலும் தலைய ஆட்டிரும். அதான் மில்லு அட்டைய கழட்டவே கழட்டாது, எங்க போனாலும் அதக் காட்டும். எரிக்கையிலயும் கழுத்துல அதோடதான் எரிச்சோம்."

அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அதன் ஓரம் கருகியிருந்தது.

இன்று அவனுக்கு எழுதினேன். 'அம்மாவைக் கொன்றது நீ இல்லை. ஆளை மாற்றியது நான். தெரிந்த பிறகும் ஓர் இரவு முழுக்கச் சும்மா இருந்தவன் நான்.' அட்டையையும் உள்ளே வைத்து உறையை ஒட்டினேன்.

தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்த அம்மா உறையை வாங்கி அதன் மேலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார்.

"அனுப்புறது வேல்பாண்டி. நீங்கதான?"

தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டேன்.

"என் பேரு வேல்பாண்டி" என்று வாயைத் திறந்து சொன்னேன்.

முத்திரை குத்தினார். கடிதம் சாக்குப் பைக்குள் விழுந்தது.