கதவிலிருந்து ஓரடி பின்னால்

முந்நூற்றுப் பன்னிரண்டு. மேல்முறையீட்டு நீதிபதி இங்கா ஹோக்லண்ட் எழுதிய ஒரு தீர்ப்பைப் பிற நீதிபதிகள் இத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இருபத்தோரு ஆண்டுகளில் அவர் எழுதிய வேறெந்தத் தீர்ப்பும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

அவர் பதவியேற்ற முதல் குளிர்காலத்தில் எழுதியது அது. ரமோனா ஸ்லெட்டன் என்ற பெண்ணின் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டியது. அவள் திறந்தாள், ஓரடி பின்னால் நகர்ந்தாள். போலீஸார் வாரண்ட் இல்லாமலே உள்ளே போனார்கள். சமையலறை அலமாரியில் போதை மாத்திரைகள் கிடைத்தன. ஒன்பது ஆண்டு சிறை. நகர்ந்து நின்றது அனுமதியா, இல்லையா என்பது மட்டுமே மேல்முறையீட்டில் கேள்வி.

வாதம் முடிந்து மூன்று நீதிபதிகளும் தனியறையில் அமர்ந்தார்கள். அங்கே புதியவர்தான் முதலில் பேச வேண்டும். மூத்தவர்களைக் கேட்டுவிட்டு இளையவர் வளைந்துகொடுக்கக் கூடாது என்பதற்கான வழக்கம்.

"எங்க ஊர்ல கதவத் திறந்து ஒருத்தர் நகர்ந்து நின்னா, உள்ள வாங்கன்னுதான் அர்த்தம். யாரையும் பனியில நிக்கவச்சுப் பேச மாட்டோம்," என்றார் இங்கா.

மூத்தவர் கீன், பருத்தி விளையும் தெற்கிலிருந்து வந்தவர். "பனியப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? எங்க ஊர்ல கொசு வந்தாத்தான் கதவையே சாத்துவோம். நீ சொன்னா சரிதான்." மூன்றாமவரும் தலையாட்டினார்.

'காத்து மூஞ்சில அடிச்சுது, நகந்தேன்' என்று ரமோனா சாட்சி சொல்லியிருந்தாள். இங்கா அதை ஒரே வரியில் தள்ளிவிட்டு மேலே போனார்.

தீர்ப்பு ஐந்து மாநிலங்களில் சட்டமானது. பனியே விழாத ஊர்களிலும் நகர்ந்து நின்றவர்கள் சிறைக்குப் போனார்கள். கைத்தடியை எடுக்க, குழந்தையைப் பிடிக்க என்று எதற்காக நகர்ந்தாலும் அனுமதிதான்.

இந்த ஜனவரியில் இங்காவின் கதவைத் தட்டினார் ஒரு நடுவயது போலீஸ்காரர். பனி வாரும் லாரி இங்காவின் வீட்டுத் தபால்பெட்டியை இடித்துவிட்டதாம். காற்று வீசியது. இங்கா நகர்ந்தார். போலீஸ்காரர் பனி அப்பிய பூட்ஸோடு நேராகச் சமையலறைக்குள் போய் நின்றார்.

"உங்கள யாரு உள்ள வரச் சொன்னது?"

"நீங்கதானே மேடம் நகந்தீங்க. நகந்தா வரலாம்னு பயிற்சியிலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. சட்டமே அதான்." அடுப்பை எட்டிப் பார்த்தார். "பட்டாணி சூப்பா? நல்ல வாசன."

அந்தச் சட்டத்தை எழுதியது யார் என்று இங்கா சொல்லவில்லை. போலீஸ்காரர் போன பிறகு, தரையில் கரைந்த பனியைத் துடைத்தார். ரமோனா ஏழரை ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தவள். அவள் மகன் யார் யார் வீட்டிலோ வளர்ந்தான். மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு நீதிபதி போய் யார் கதவையும் தட்ட முடியாது.

மார்ச்சில் ட்ராவிஸ் லண்டின் மேல்முறையீடு வந்தது. போலீஸுக்குக் கதவைத் திறந்தபோது, கைக்குழந்தைக்குக் குளிர் படாமல் இருக்க நகர்ந்தவன். பதினோரு ஆண்டு தண்டனை. தனியறையில் இப்போது இங்காதான் மூத்தவர், கடைசியில்தான் பேசலாம்.

புதியவரான நீதிபதி பார் பேச்சைத் தொடங்கினார். "இதுல பேச என்ன இருக்கு மேடம்? நீங்க போட்ட பூட்டு. சாவி எங்க கையில இல்ல." அடுத்தவரும் அதையேதான் சொன்னார்.

"என் கையிலயும் இல்ல. பழைய தீர்ப்ப மூணு பேரு மட்டும் மாத்த முடியாது, தள்ளுபடிதான் பண்ணணும்," என்றார் இங்கா. "ஆனா அந்தத் தீர்ப்பு தப்புன்னு இதுலயே எழுதப்போறேன். இந்தக் கோர்ட்டு நீதிபதிங்க பதினோரு பேரும் உக்காந்து அத மாத்தணும்னு ஓட்டுக் கேக்கப்போறேன்."

"உங்க பேரு நிக்கிறதே அந்த ஒண்ணாலதான்," என்றார் நீதிபதி பார்.

"ஆமா. அதான் தூக்கம் வரல."

நீதிபதி பார் பேனாவை மூடிவைத்தார். "ஆறு ஓட்டு வேணும். என்னோடத எழுதிக்கோங்க."

ஆறு ஓட்டுகள் கிடைத்தன. செப்டம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பதினோரு பேரும் வழக்கைக் கேட்கிறார்கள். அதுவரை ட்ராவிஸ் லண்ட் சிறையில்தான் இருப்பான்.